வன்னிக்கு வரும் புதிய சங்கீத ஆசிரியருக்கு: பாட்டுக்கும் மணிக்கணக்கு உண்டு

நியமனக் கடிதத்தில் பாடம் என்ற இடத்தில் 'சங்கீதம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. தை பிறந்ததும் பொங்கல் விழாப் பாட்டு. அது முடியுமுன்பே இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பாண்ட் வாத்தியமும் அணிநடையும். பிறகு தமிழ்த்தினப் போட்டி: தனி இசை, குழு இசை, வில்லுப்பாட்டு, நாட்டார் பாடல். கோட்டத்தில் வென்றால் வலயம், வலயத்தில் வென்றால் மாகாணம். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அவற்றை ஒட்டியே வாணி விழா, பின்னர் பரிசளிப்பு விழா, ஆண்டு முடிவில் ஒளி விழா. நாள்தோறும் காலைப் பிரார்த்தனையில் தேவாரம், தேசிய கீதம், பாடசாலைக் கீதம். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் மாலை ஒரு வரவேற்புப் பாட்டு. இவ்வளவுக்கும் நடுவில்தான் பாடவேளைகளும், சாதாரண தர மாணவர்களின் செயன்முறைப் பரீட்சையும்.

இலங்கையின் வட பகுதியான வன்னியில், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் பாடசாலைகளில் 14 ஆண்டுகளாகச் சங்கீதம் கற்பிக்கிறேன். மூன்றாம் ஆண்டில் குரல் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, பாட்டைக் கேட்டாலே எரிச்சல் வரும் நிலைக்குப் போனேன். இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் நான்கு ஆண்டு ஆசையோடு படித்த ஒருத்தி, சுருதிப்பெட்டியைத் துணியால் மூடி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு ஆறு மாதம் தொடவில்லை. அந்த ஆறு மாதம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணித ஆசிரியர் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போகும்போது அது வேலை என்று எல்லோருக்கும் தெரிகிறது. பாட்டுப் பழக்குவது பார்ப்பவருக்கு இன்பமாகத் தெரிகிறது. அதற்கு நேரமும் உடம்பும் செலவாவது தெரிவதில்லை. நமக்கே தெரிவதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். ஆகவே எல்லை போடும் வேலையை நம்முடைய கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வாரம்: ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். பிரதி அதிபரிடம் போய், சென்ற ஆண்டு எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் பாட்டு இருந்தது என்று கேளுங்கள். அவருக்கு நினைவில்லாவிட்டால் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இருக்கும். மாதவாரியாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் போடுங்கள்.

மூன்று நிமிடக் குழுப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாட்டைத் தேர்ந்து, வரிகளை எழுதி, பிள்ளைகளைத் தெரிவு செய்து, சுருதி பார்த்து, மேடையில் நிற்கும் ஒழுங்கு வரை கொண்டுவர என் அனுபவத்தில் 12 பயிற்சி வேண்டும். ஒரு பயிற்சிக்கு 40 நிமிடம் என்றால் 8 மணி நேரம். ஆண்டில் இப்படிப் பத்து உருப்படி வந்தால் 80 மணி நேரம். அதாவது 120 பாடவேளை. வாரம் 24 பாடவேளை எடுக்கும் ஆசிரியருக்கு அது முழுதாக ஐந்து வாரக் கற்பித்தல். நேரசூசியில் எங்கும் காணப்படாத ஐந்து வாரம்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. சோம்பேறி ஆகிவிட்டேனோ என்று இரண்டு ஆண்டு என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் தாளில் இருந்தது.

அதே கொப்பியில் வேறு இரண்டு பக்கங்களையும் திறந்து வையுங்கள். ஒன்றில், வராத ஆசிரியருக்குப் பதிலாக நீங்கள் எடுத்த பாடவேளைகள். சங்கீதப் பாடவேளை இல்லாத நேரத்தில் 'ரீச்சர் சும்மா இருக்கிறார்' என்று முதலில் அனுப்பப்படுவது நாம்தான். மற்றதில், பிற பாடங்களுக்கு விட்டுக்கொடுத்த உங்கள் பாடவேளைகள். மூன்றாம் தவணையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கேட்பார்கள். தரம் 7இன் ஒரு பாடவேளையை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. செயன்முறைப் பரீட்சைக்குப் போகும் தரம் 11இன் பாடவேளையை மட்டும் விடாதீர்கள். அந்தக் கடனை ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் அடைக்க வேண்டியிருக்கும்.

முதலாம் தவணை முடியுமுன்: அதிபருடன் ஒரு பேச்சு

ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் 'முடியாது' என்று சொல்வது வன்னிப் பாடசாலையில் நல்ல வழி அல்ல. ஆசிரியர் குழாம் சிறியது. அந்த ஒரு சொல்லை ஐந்து ஆண்டு சுமந்து திரிய வேண்டும். அலுவலகத்தில் கூட்டம் குறைந்த ஒரு நேரத்தில் கொப்பியோடு போங்கள். மறுப்பாக அல்ல, தெரிவாகக் கேளுங்கள். நான் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"சேர், இந்தத் தவணையில் நான்கு நிகழ்ச்சிக்குப் பாட்டு இருக்கிறது. இரண்டுக்குப் புதிதாகப் பழக்க முடியும். மற்ற இரண்டிலும் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டையே பாடவிடலாம். எந்த இரண்டு என்று நீங்கள் சொல்லுங்கள்."

அதிபர்கள் பெரும்பாலும் நியாயமானவர்கள். பாட்டு என்பது சொன்னவுடன் வந்துவிடும் என்றே பலர் நினைத்திருந்தார்கள், 8 மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்த பிறகு ஒருவர் என்னிடம், "இதை ஏன் முதலே சொல்லவில்லை, பிள்ளை?" என்று கேட்டார். அவரிடம் பணியாற்றிய காலம்தான் எனக்கு மிக நல்ல காலம்.

அந்தப் பேச்சில் மூன்று விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு இணைப்பாடவிதான நேரத்தில் நிலையான ஓர் இடம். பாடசாலை 1.30க்கு விட்ட பின் பயிற்சி வேண்டுமானால் வாரத்தில் இரண்டு நாள், 2.30 வரை, அதற்கு மேல் இல்லை. சனிக்கிழமைப் போட்டிக்கு மாணவரை அழைத்துப் போவதென்றால் அதிபரின் எழுத்து மூலமான அனுமதியும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களும், கூடவே இன்னோர் ஆசிரியரும். கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும். கடைசி பஸ் போய்விட்டால் பத்துப் பிள்ளைகளோடு சந்தியில் நிற்பது நீங்கள் ஒருவர்தான். 2.30 என்பது உங்கள் வசதிக்கான நேரம் மட்டுமல்ல; காட்டோரம் சைக்கிளில் வீடு போகும் பிள்ளையின் நேரமும் அதுதான். அந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொல்லுங்கள், எல்லோருக்கும் உடனே புரியும்.

குரல்

இதைப் பற்றிப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

கல்லூரியில் நாம் நம் சுருதியில் பாடினோம். வகுப்பறையில் அது முடியாது. பெண் பிள்ளைகளுக்கு 5, 5½ கட்டைச் சுருதி ஒத்துவரும்; கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. தரம் 8, 9இல் மகரக்கட்டு உடையும் ஆண் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. சிலர் 1 கட்டைக்கு இறங்கிவிடுவார்கள். நாம் காலை முதல் பகல் வரை ஏறியும் இறங்கியும், 40 பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலாகச் சரளி வரிசை பாடுகிறோம். பக்க வகுப்புக்கும் நமக்கும் நடுவில் அரைச் சுவர்தான். கோடையில் சோளகக் காற்று கிரவல் வீதிப் புழுதியைத் தொண்டைக்குள் கொண்டுவந்து போடும். கார்த்திகை மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

என் மூன்றாம் ஆண்டில் தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில், தொண்டை கரகரத்தபடி இருந்தும் ஐந்து வாரம் விடாமல் பழக்கினேன். குழு வென்றது. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் 'தோடுடைய' என்று எடுக்க வாய் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. குரல் நாண்களில் முடிச்சு. மருத்துவர் சொன்ன ஓய்வு நான்கு வாரம். முழுதாகத் திரும்ப ஓர் ஆண்டு எடுத்தது.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே பாடிக் காட்டாதீர்கள். முதல் முறை பாடுங்கள், இரண்டாம் முறை ஆர்மோனியத்தில் வாசியுங்கள், மூன்றாம் முறை நன்றாகப் பாடும் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். புதிய பாட்டை வீட்டில் ஒருமுறை நிதானமாகப் பாடிக் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஆறு வகுப்புக்கும் அந்தப் பதிவு போதும். உடைந்த குரல் உள்ள ஆண் பிள்ளைகளைக் கூடவே பாடும்படி வற்புறுத்தாமல் தாளமும் மிருதங்கமும் கஞ்சிராவும் கொடுங்கள். அவர்களுக்கும் அது வெட்கத்திலிருந்து விடுதலை.

மழை பெய்யும்போது பாடவே வேண்டாம். மழை நாளுக்கென்று பாடங்களை ஒதுக்கி வைத்திருங்கள்: ஏழு தாளமும் ஐந்து ஜாதியும் சேர்ந்து 35 ஆவது எப்படி, 72 மேளகர்த்தாச் சக்கரம், வாக்கேயகாரர் வரலாறு, கருவிகளின் படங்கள். எழுத்துப் பரீட்சைக்கு எப்படியும் வேண்டியவைதானே. நான் அந்தப் பகுதிகளை முதலாம் தவணையில் தொடுவதே இல்லை; மழைக்காகக் காத்திருப்பேன்.

கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல் எப்போதும் மேசையில் இருக்கட்டும். தொண்டை கட்டியிருக்கும் நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வல்ல, அதுவும் குரல் நாணை வருத்தும். கரும்பலகையில் எழுதுங்கள், கைதட்டிக் கூப்பிடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கற்கண்டும் மிளகும் போதாது. மாவட்டப் பொது மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள்.

ஊருக்குள் ஒரு வீடு, அல்லது நாள்தோறும் ஒரு பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு நாள்தோறும் வந்து போவோர் பலர் உண்டு. ஏறத்தாழ 65 கிலோமீற்றர். பிரதான வீதியில் பஸ் தட்டுப்பாடு இல்லை, ரயிலும் இருக்கிறது. ஆனால் பரந்தனில் ஏ35க்கோ மாங்குளத்தில் ஏ34க்கோ திரும்பி, அங்கிருந்து இன்னொரு உள்வீதி என்றால் கணக்கு மாறும். விடிய நான்கு மணிக்கு எழும்பி மாலை ஐந்துக்கு வீடு சேரும் ஒருவர் கொஞ்ச நாளிலேயே ஓய்ந்துவிடுவார். முதல் ஆண்டிலாவது வார நாட்களில் பாடசாலைக்கு அண்மையில் தங்குங்கள் என்பதே என் கருத்து.

தங்கினால் வேறொன்று வரும். ஊர் உங்களைச் சொந்தமாக்கிக்கொள்ளும். முருங்கைக்காயும் எருமைத் தயிரும் மரவள்ளிக் கிழங்கும் வாசலுக்கு வரும். பின்னாலேயே கோயில் திருவிழாவுக்குத் தேவாரம், மார்கழியில் விடியற்காலைத் திருவெம்பாவை, மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சங்கீதம். இந்த அன்பு பொய்யல்ல. அதனாலேயே மறுப்பது கடினம். நான் கண்ட வழி: ஒரு கோயில், ஒரு திருவிழா. ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்ந்து, அந்தக் கோயில் நிர்வாகத்துக்கு நானாகவே போய்ச் சொல்லிவிடுவேன். மற்றவர்கள் கேட்டால், "ஐயா, இந்த ஆண்டு அம்மன் கோயிலுக்குச் சொல்லிவிட்டேன், என் பிள்ளைகள் நால்வர் நன்றாகப் பாடுவார்கள், அவர்களைக் கேளுங்கள்" என்பேன். அம்மனுக்குக் கொடுத்த வாக்கை மீறச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்கிறது.

வட்ஸ்அப் குழுவுக்கு ஓர் ஒழுங்கு போதும். மாலை ஏழு மணிக்குப் பின் பார்க்க மாட்டேன், அவசரமானால் அழையுங்கள் என்று முதல் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அதன்பின் ஏழரைக்குப் பதில் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் உங்கள் வாய்ச்சொல்லை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

பிள்ளைகளின் பாரம்

இது வேறு இடங்களின் சங்கீத ஆசிரியர்களைவிட நமக்கு அதிகம். உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பின் பிறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்களை வளர்க்கும் தாயும் அம்மம்மாவும் அதற்கு முன்னிருந்தே வருகிறார்கள். காணாமற்போன மாமாவின் படத்துக்குக் கீழே படித்துவிட்டு வரும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும். பாட்டு மூடியதைத் திறக்கும். ஒரு தாலாட்டுப் பழக்கும்போது தரம் 6 பிள்ளை ஒன்று திடீரென்று விம்மி அழும். கணித வகுப்பில் சொல்லாததை உங்களிடம் வந்து சொல்லும்.

கேளுங்கள். அவசரப்படாமல் கேளுங்கள். ஆனால் 'யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு உங்களையும் பிள்ளையையும் தனியறையில் பூட்டிவிடும். "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் சேர்ந்து சொல்லலாம்" என்று சொல்லுங்கள். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரை முதல் மாதத்திலேயே அறிந்துவைத்திருங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929. கொப்பியின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.

போரின் கடைசி நாட்களை நினைவூட்டும் மே மாதத்தில் வகுப்பு இறுகியிருக்கும். அந்த நாட்களில் துள்ளல் பாட்டைப் பழக்கி உற்சாகப்படுத்த முயன்று நான் தோற்றிருக்கிறேன். இப்போது சுருதியைப் போட்டுவிட்டு, ஆதார ஸட்ஜத்தில், அதாவது அடிப்படை 'ஸ' சுரத்தில், எல்லோரும் மூச்சு நீளும் வரை நிற்கும் பயிற்சியை மட்டும் செய்கிறேன். பத்து நிமிடத்தில் அறை மாறுவதை நீங்களே உணர்வீர்கள்.

உங்களுக்கென்று அரை மணி

எந்த விழாவுக்கும் அல்லாத பாட்டு ஒன்று உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வர்ணம், கல்லூரியில் பாதியில் விட்ட ஒரு கிருதி, எதுவானாலும். பதிவு செய்யாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊரில் முதியவர் யாராவது அரிவி வெட்டுப் பாட்டோ கோவலன் கூத்துப் பாட்டோ தெரிந்தவராக இருந்தால் திண்ணையில் இருந்து கேளுங்கள். வன்னியில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டவுடனேயே 'இதை அடுத்த போட்டிக்குப் பழக்கலாமே' என்று மனம் ஓடும். ஒரு மாதமாவது அதைத் தடுத்து, வெறுமனே கேட்பவராக இருங்கள்.

ஏற்கெனவே எரிந்துபோயிருந்தால்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட விளக்கத்தில், பணியால் வரும் இந்தச் சோர்வை ஒரு நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நீண்ட பணி அழுத்தத்தின் விளைவாகவே சொல்கிறது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்யும் வேலையில் திறன் குறைந்ததாக உணர்தல் என்று மூன்று அடையாளங்கள். நம் தொழிலில் இவை வேறு முகத்தோடு வரும். பிள்ளை அபஸ்வரமாகப் பாடுகிறது, கேட்கிறது, திருத்த மனம் எழவில்லை. ஞாயிறு மாலை பஸ் ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது. பாட்டு ஒலிக்கும் வானொலியை அணைக்கச் சொல்கிறீர்கள்.

அப்படியானால் முதலில் மருத்துவரிடம் போங்கள். இரத்தச் சோகையும் தைரொயிட்டும்கூட இதே முகம் காட்டும். மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை, அதை எடுக்கத் தயங்காதீர்கள். தூக்கம் இல்லாமல், வாழ்வே வெறுத்தாற்போல் இருந்தால் மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வலயத்தின் அழகியல் பாட ஆசிரிய ஆலோசகரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். என்னை மீட்டது அயல் பாடசாலைச் சங்கீத ஆசிரியை ஒருவர்தான். ஒரு தவணைக்கு இரு பாடசாலையும் ஒரே பாட்டைப் பழக்குவோம், பதிவை மாற்றிக்கொள்வோம் என்றார். என் வேலை பாதியானது. இன்றும் அப்படியே செய்கிறோம்.

மூன்றாம் தவணை நடுவில், மழைக்கும் பரீட்சைக்கும் இடையில், வேலையை விடும் முடிவையோ இடமாற்ற விண்ணப்பத்தையோ எழுதாதீர்கள். டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் உறங்கியெழுந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் எழுதுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை.

இடமாற்றம் கிடைத்துப் போகும் நாளில் அந்தக் கொப்பியைச் சங்கீத அறை அலுமாரியில் விட்டுச் செல்லுங்கள். எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பிள்ளைக்கு எத்தனை கட்டை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து வருபவரின் நியமனக் கடிதத்திலும் ஒற்றைச் சொல்தான் இருக்கப்போகிறது.